ஏழு கைக்கட்டைகள்

ஜூன் 3, 2024, திங்கள்

காலையிலிருந்து சாரல். குரங்கணிப் பக்கம் மலையே தெரியவில்லை. குடையை மடக்கிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தால், டாக்டர் பிரபு ஒரு பேப்பரோடு நிற்கிறார். தரச் சான்றிதழுக்காக ஆகஸ்டில் ஆய்வுக்கு வருகிறார்களாம். அதற்குள் ஆஸ்பத்திரியில் மரச் சாமான் ஒன்றுகூட இருக்கக் கூடாதாம். வார்டு வாசலில் கிடக்கும் பலா மர பெஞ்சு, மருந்து அலமாரி, எடை பார்க்கிற மேசை எல்லாம் போய், ஸ்டீலும் பிளாஸ்டிக்கும் வரப்போகின்றன.

"மரம் அழுக்கக் குடிக்கும் சிஸ்டர். எவ்வளவு துடைச்சாலும் போகாது," என்றார்.

அதைத் துடைத்தவள் நான், என்னிடம் கேட்டிருக்கலாம். அவருடைய அப்பா இந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கியபோது எனக்கு இருபத்து நான்கு வயது. பிரபு அந்த பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறான். எழுதியிருக்கிறார்.

சாயங்காலம் பிள்ளைகள் வார்டுக் கைக்கட்டைகளைப் பிளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டு அலசி எடுத்தேன். ஏழும் சரியாக இருக்கின்றன. மார்ச்சில் மொட்டை மாடி முழுக்க சோலார் பலகை பதித்த பிறகு காயவைக்க இடமில்லை. துணி சுற்றி அலமாரியில் அடுக்கிவிட்டேன்.

ஜூன் 6, வியாழன்

பிரபு சொன்னது மனதிலேயே நிற்கிறது. கைக்கட்டையும் மரம்தானே. அதையும் தூக்கிப் போடச் சொல்வாரோ?

சின்னப் பிள்ளைகளுக்கு ட்ரிப்ஸ் ஏற்றும்போது கை அசைந்தால் ஊசி கழன்றுவிடும். அதற்காக அடியில் வைத்துக் கட்டுகிற உள்ளங்கை அகலப் பலகை. இப்போது கடையில் பிளாஸ்டிக்கில் கிடைக்கிறது. 1996இல் போடியில் அதெல்லாம் ஏது? அந்த வருடம் மழையில் எஸ்டேட் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், வாந்திபேதி. போடிமெட்டிலிருந்து ஜீப்பு ஜீப்பாகப் பிள்ளைகளை இறக்கினார்கள். நாங்கள் சோப்பு அட்டையை வெட்டிக் கட்டினோம், நனைந்து நனைந்து மடங்கியது. ஒரு குழந்தைக்கு நான்காவது முறை நரம்பு தேடுகிறேன், எனக்கே அழுகை வருகிறது. பிள்ளைகளை இறக்கிவிட்டு நின்ற ஆஸ்பத்திரி ஜீப் டிரைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே போனார். அரைமணி நேரத்தில் ஒரு பலகையோடு வந்தார். ஏலக்காய்ப் பெட்டி மூடியை உடைத்து, உப்புத்தாள் போட்டு, நான்கு ஓரத்தையும் மழுக்கியிருந்தார்.

"சிஸ்டர், இந்த அளவு போதுமா? பிள்ளைக்குக் குத்தாது, என் கன்னத்துல தேச்சுப் பாத்துட்டேன்."

ஜோசப் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அந்த வாரத்திலேயே பன்னிரண்டு செய்து கொடுத்தார். இரண்டு வருடம் கழித்துக் கல்யாணம். பன்னிரண்டில் ஐந்து உடைந்தும் தொலைந்தும் போயின. அவரும் போய் ஐந்து வருடம் ஆகிறது. கட்டையைப் பக்கத்தில் கொண்டுபோனால் இன்னமும் லேசாக ஏலக்காய் மணக்கிறது. மற்றவர்களுக்கு மணப்பதில்லை என்கிறார்கள்.

ஜூன் 7, வெள்ளி

மே கடைசியில் ஒரு குழந்தைக்கு மணிக்கட்டில் புண் வந்ததே, அதே மாதிரி இன்று இன்னொன்றுக்கு. மருந்து போட்டிருக்கிறோம்.

ஜூன் 13, வியாழன்

எட்டாம் மாதத்தில் வலி வந்து ஒரு பெண்ணை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். பொன்னுமணி, இருபத்து மூன்று வயது. புருஷன் சுருளி, குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை. பெண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோகூட இல்லை. விரல் எல்லாம் தீக்குச்சி மாதிரி. ஊசி போட்டு, கைக்கட்டை வைத்துக் கட்டினேன்.

"சிஸ்டர், பொழச்சுக்குமா?" என்றாள் பொன்னுமணி.

"இதவிடச் சின்னதெல்லாம் இந்த வார்டுல இருந்து நடந்து போயிருக்கு ஆத்தா," என்றேன். உண்மைதான். சந்தையில் யாராவது கொழுகொழுவென்று நின்று, "சிஸ்டர், நான் உங்ககிட்டதான் பொறந்தேன்" என்பார்கள். ஜோசப்புக்கு அதில் அவ்வளவு பெருமை. "என் கட்டையில கிடந்த பயலா நீ?" என்று கேட்டுவிட்டு டீ வாங்கிக் கொடுப்பார்.

ஜூன் 18, செவ்வாய்

பொன்னுமணி குழந்தைக்கும் அதே புண். கட்டைப் பிரித்தால் மணிக்கட்டில் பத்துப் பைசா அளவுக்குக் கறுத்துக் கிடக்கிறது. மூன்றாவது குழந்தை.

பிரபுவின் முகம் வெளுத்துவிட்டது. கிருமித் தடுப்பு வேலைக்கென்று போன மாதம் சேர்ந்த நர்ஸ் முத்துப்பிரியாவைக் கூப்பிட்டு, வார்டு முழுக்கப் பார்க்கச் சொன்னார். தேவாரம் ஊர்ப் பெண், சிரிக்கவே சிரிக்காது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறது.

ஜூன் 20, வியாழன்

நடக்கக் கூடாதது நடந்தது. ஆயம்மாளை நிறுத்திவிட்டார்கள்.

பதினோரு வருடமாக எங்கள் வார்டைக் கூட்டித் துடைக்கிறவள். பிரபு எல்லோர் முன்னாலும் அவளிடம், "ஒரே தண்ணிய வெச்சு ரெண்டு வார்டத் துடைக்கிறியா?" என்று கேட்டார். "இல்ல சார், மாத்திருவேன்" என்றாள். "ஒரு நாளும் மறந்ததில்லையா?" என்றார். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "என்னைக்காவது மறந்திருப்பேனா இருக்கும்" என்றாள். அவ்வளவுதான், விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போகும்போது கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே போனாள்.

பெஞ்சையும் வெளியே போடச் சொன்னார். எனக்கு வந்ததே கோபம். "மரம்னா அழுக்குன்னு யாரு சார் சொன்னது? தெனம் சோப்புத் தண்ணி, தெனம் வெயிலு. அந்த ஸ்டீல் டிராலியத் தொட்டுப் பாருங்க, பிசுபிசுங்குது" என்றேன்.

முத்துப்பிரியா குறுக்கே வந்து, "கண்ணால பாத்தாத் தெரியாது சிஸ்டர். எல்லாத்துலயும் ஸ்வாப் எடுத்துத் தேனி லேப்புக்கு அனுப்புவோம்" என்றது. பஞ்சுக் குச்சியால் பெஞ்சு, அலமாரி, டிராலி, கட்டில் கம்பி, குழாய்ப் பிடி என்று இருபத்திரண்டு இடத்தில் தடவி எடுத்தது. எடுக்கட்டும் என்று இருந்தேன்.

ஜூன் 21, வெள்ளி

பொன்னுமணி குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. தேனிக்கு அனுப்பினோம். ஆம்புலன்ஸ் கதவு மூடும்வரை என் கையைப் பிடித்திருந்தாள்.

ஜூன் 24, திங்கள்

ரிப்போர்ட் வந்தது. பெஞ்சில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அலமாரியிலும் அப்படியே. அதிகமாகக் கிருமி இருந்தது டிராலிப் பிடியிலும் குழாயிலும்தான்.

முத்துப்பிரியா சொன்னது: காய்ந்த மரம் ஈரத்தை உள்ளே இழுத்துவிடும், மேலே விழுகிற கிருமி ஈரம் இல்லாமல் செத்துப்போகும். கீறலும் வெடிப்பும் இல்லாமல், காய்ந்து கிடந்தால் மரம் ஒன்றும் மோசமில்லை. "நீங்க சொன்னது சரிதான் சிஸ்டர்" என்றது. அந்தப் பெண் வாயிலிருந்து அது வருவது பெரிய விஷயம். நான் பிரபுவின் அறைக்குப் போய் அந்தத் தாளை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் ஜோசப்பிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. அவர் இருந்தால் முழுக் கதையையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பார். ஆஸ்பத்திரிக் கதை என்றால் அவருக்குச் சோறு வேண்டாம். நான் டியூட்டி முடிந்து வருகிறவரை ஜீப்பிலேயே உட்கார்ந்திருப்பார், வண்டி கிளம்பியதும் "ம், சொல்லு" என்பார்.

ஜூன் 25, செவ்வாய்

எழுதியே ஆக வேண்டும்.

மத்தியானம் தேனியிலிருந்து முத்துப்பிரியாவுக்குப் போன். பொன்னுமணி குழந்தையின் புண்ணில் இருப்பது பூஞ்சையாம். ஈர மரத்திலும் பழைய ரொட்டியிலும் பூக்குமே, அந்த ஜாதி. எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை என்று என்னிடமே கேட்கிறது அந்தப் பெண். நான் அப்போது துணி சுற்றி வைத்திருந்த கைக்கட்டை ஒன்றைக் கையில் எடுத்திருந்தேன்.

துணி ஈரமாக இருந்தது. வெளியே இல்லை, உள்ளே. பிரித்தேன். கட்டை சில்லென்று இருந்தது. மூலையில் கறுப்பாக ஒரு புள்ளி.

மூணு பிள்ளைக்கும் கட்டுனது நான்தான. மூணுக்கும் கை. மூணுக்கும் மணிக்கட்டு. கட்டுக்கு அடியில. வேற எங்க இருந்து வரும்? ஆயம்மா தொடப்பம் அங்கயா போச்சு?

எத்தனை வருடமாக மொட்டை மாடி வெயிலில் காய்ந்தவை. மார்ச்சுக்குப் பிறகு அலமாரிக்குள். நேற்று அந்தப் பெண் காய்ந்த மரம் காய்ந்த மரம் என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னதே, எனக்கு ஏன் உறைக்கவில்லை? ஸ்வாப் எடுத்தபோது இவற்றை ஏன் எடுக்கவில்லை? துணி சுற்றியிருந்ததால் கட்டுத்துணி என்று நினைத்து விட்டுவிட்டது. நானும் எடுத்துக் காட்டவில்லை.

மறந்தேனா, மறைத்தேனா? தெரியவில்லை. ஆண்டவரே, எனக்கே தெரியவில்லை.

ஜூன் 26, புதன்

புதிதாக வந்த குழந்தைக்கு அட்டையை வெட்டிக் கட்டினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 27, வியாழன்

மத்தியானம் சாப்பிடப் பிடிக்காமல் வெளியே நடந்தேன். ஏலக்காய்க் கடையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஆயம்மாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"அந்தப் பச்சப்பிள்ளை எப்படி இருக்கு சிஸ்டரம்மா?"

"தேனியில இருக்கு. ஆபரேசன் பண்ணியிருக்காக."

தலையில் கை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "அன்னைக்கு வாளித் தண்ணிய மாத்தினேனா இல்லையான்னு ஓயாம யோசிக்கிறேன். ஒண்ணும் ஞாபகம் வரல. என் மக பிள்ளையத் தூக்கிட்டு வந்தா. தொடமாட்டேன்னுட்டேன். என் கையிதான் விசம்னு சொல்லிட்டாகளே."

நான் பக்கத்தில் நின்றேன். உன் கையில்லை, என் கை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "போயிட்டு வர்றேன் ஆயம்மா" என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 28, வெள்ளி

காலையில் ஏழு கட்டைகளையும் ஒரு ட்ரேயில் வைத்து முத்துப்பிரியாவின் மேசைக்குக் கொண்டுபோனேன்.

"இதையும் அனுப்பும்மா."

அது துணியைப் பிரித்துப் பார்த்தது. என்னைப் பார்த்தது. "எப்பத் தெரியும் சிஸ்டர்?"

"செவ்வாய்க்கிழமை."

நோட்டை எடுத்துத் தேதியை எழுதியது. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 3, புதன்

ஏழில் ஐந்தில் பூஞ்சை. குழந்தையின் புண்ணில் இருந்த அதே வகை.

பிரபு கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "நடந்தது நடந்துருச்சு. இத நம்ம மூணு பேரோட வெச்சுக்குவோம். கட்டைய எரிச்சிட்டா முடிஞ்சது. ஆயம்மாளுக்கு எங்க மாமா கடையில வேலை வாங்கித் தர்றேன். உங்களுக்கு இன்னும் அஞ்சு வருசம் சர்வீஸ் இருக்கு சிஸ்டர். நல்ல பேரோட போங்க."

அவர் கெட்டவர் இல்லை. பயந்துவிட்டார். நானும் பயந்துதான் இருந்தேன்.

"ஆயம்மா சாகுற வரைக்கும் தன்னாலதான்னு நெனச்சுக்கிட்டுக் கெடப்பா சார். அந்தப் பிள்ளையப் பெத்தவளுக்கும் தெரியணும். இன்னும் ரெண்டு பிள்ளை இருக்கு. அதுகளுக்கும் சரியா மருந்து கொடுக்கணும்ல?"

முத்துப்பிரியா தாளை என் பக்கம் நகர்த்தியது. என்ன நடந்தது, யார் செய்தது, எந்தத் தேதியில் தெரிந்தது, எப்போது சொன்னேன், எல்லாம் என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம்.

ஜூலை 4, வியாழன்

கட்டைகளை மஞ்சள் பையில் போட வேண்டும். எரிக்கிற கழிவுக்கு மஞ்சள் பை.

நேற்று கோயம்புத்தூரிலிருந்து மகள் ஸ்வீட்டி பேசினாள். "அப்பா கைபட்டதும்மா, நல்லா இருக்குற ரெண்டுல ஒண்ணையாவது எடுத்து வையேன்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பீரோவில் அவருடைய கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று.

ஒவ்வொன்றாகப் போட்டேன். நான்காவதில் ஓரம் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். அதைத் தேய்க்கும்போதுதான் நான் முதல் தடவை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஜீப்பின் நிழலில். ஏதோ கேட்டேன், என்னவென்று ஞாபகமில்லை. அவர் என்னைப் பார்த்தபடியே தேய்த்ததில் ஓரம் ஒரே இடத்தில் தேய்ந்துபோயிற்று. "வீணாப்போச்சே" என்றேன். "இல்ல, இதுதான் நல்லா வந்திருக்கு" என்றார். எத்தனையோ முறை கைக்குள் வைத்து அந்த உள்வாங்கலைத் தடவியிருக்கிறேன். இன்று கையுறை போட்டிருந்ததால் தெரியவில்லை.

பிள்ளைக்குக் குத்தக் கூடாது என்றுதானே அந்த மனுஷன் தேய்த்தார். ஏழையும் போட்டுப் பையைக் கட்டிவிட்டேன்.

ஜூலை 6, சனி

தேனிக்குப் போனேன். பிரபு போக வேண்டாம் என்றார், நான் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

வார்டுக்கு வெளியே தரையில் துண்டை விரித்துப் பொன்னுமணி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதுதான் தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். கட்டை ஈரமாக இருந்தது, நான் பார்க்கவில்லை, தெரிந்த பிறகும் மூன்று நாள் சொல்லவில்லை.

குழந்தை தேறிவிட்டதாம். மணிக்கட்டில் சதையைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். பெருவிரல் சரியாக மடங்குமா என்பது போகப் போகத்தான் தெரியுமாம்.

அவள் துண்டின் ஓரத்தை நீவிவிட்டாள். பிறகு கேட்டாள், "இத்தன வருசமும் இப்படித்தான் கட்டுனீகளா?"

"முன்னாடி வெயில்ல காயும். அப்ப இப்படி வந்ததில்ல."

"வந்ததில்லையா, நீங்க பாக்கலையா?"

தெரியவில்லை என்றுதான் சொன்னேன். அவள் துண்டை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பஸ்சில் வரும்போது சந்தையில் என்னிடம் சிரித்த பிள்ளைகளின் முகங்களையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தவர்கள்தானே வந்து சிரித்திருப்பார்கள்?

ஜூலை 15, திங்கள்

ஆயம்மாள் வேலைக்கு வந்துவிட்டாள். பிரபு அவளிடம் மன்னிப்புக் கேட்டார். எல்லோர் முன்னாலும்தான் கேட்டார், அதைச் சொல்ல வேண்டும்.

எனக்கு வார்டு இல்லை. வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுதுகிற மேசை. குழந்தைகள் வார்டு சாவியை முத்துப்பிரியாவிடம் கொடுத்தேன்.

ஆயம்மாள் மேசைக்குக் கீழே துடைக்க வந்தாள். "அன்னைக்குக் கடையில வெச்சுப் பாத்தப்ப உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே என் பேரனத் தூக்கியிருப்பேன்."

"தப்புத்தான் ஆயம்மா."

"ம்." வாளியை எடுத்தாள். "காலத் தூக்குங்க சிஸ்டர்."

எப்போதும் சிஸ்டரம்மா என்பாள்.

ஜூலை 22, திங்கள்

பெஞ்சு இருக்கட்டும் என்று பிரபு சொல்லிவிட்டார். வெடிப்பு இருந்த ஒரு கால் மட்டும் மாற்றினார்கள். பிளாஸ்டிக் கைக்கட்டைகள் இருபது வந்திருக்கின்றன. ஒரு குழந்தைக்கு ஒன்று, பிறகு எறிந்துவிட வேண்டும். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஓரம் நன்றாகத்தான் மழுங்கியிருக்கிறது.

இன்று ஜோசப்பின் பிறந்தநாள். இருந்திருந்தால் நடந்ததை அவரிடம் எப்படிச் சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் "ம், சொல்லு" என்றிருப்பார். சொல்லியிருப்பேன். அவரிடம் என்றால் அந்தச் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருப்பேன்.

செப்டம்பர் 5, வியாழன்

தடுப்பூசி நாள், கூட்டம். சீட்டு எழுதிக்கொண்டே நிமிர்ந்தால் பொன்னுமணி நிற்கிறாள், தோளில் குழந்தை. சுருளி வாசலில் குடையோடு நின்றான். தேனியில் நல்ல ஆஸ்பத்திரி இருக்கும்போது இங்கே வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"ஒண்ணரை மாச ஊசி. ஒடம்பு சரியில்லாததுல தள்ளிப்போச்சு," என்றாள். என்னைப் பார்க்காமல் அட்டையைத்தான் பார்த்தாள்.

"எடை பாத்தாச்சா?"

"மூணே முக்கால்."

"பிள்ளை பேரு?"

"சந்திரவல்லி."

எழுதினேன். குழந்தையின் வலது மணிக்கட்டில் தோல் சுருங்கி மினுமினுவென்று ஒரு தழும்பு. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். "வெரலு பாதிதான் மடங்குது. தெனம் எண்ணெய் போட்டு நீவச் சொல்லியிருக்காக," என்றாள். பிறகு, "ஊசி நீங்க போட வேணாம்" என்றாள்.

"நான் போடல ஆத்தா. உள்ள முத்துப்பிரியா சிஸ்டர் போடும்."

தலையை ஆட்டினாள். உள்ளே போகும் முன், தோள் பையை என் மேசைமேல் வைத்தாள். "இத மட்டும் பாத்துக்கோங்க."

பையை எடுத்து என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அழுகைச் சத்தம். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல கனத்த குரல், விட்டு விட்டு இல்லாமல் ஒரே மூச்சாக. அது ஓய்கிறவரை கேட்டுவிட்டு, அடுத்த சீட்டை எழுதினேன்.